நேர்ந்துவிட்ட குட்டியும் வெள்ளை பாட்டிலும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாக ஈரம். போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

செய்ய வேண்டியவை: தடுப்பூசிப் பதிவேடு (திங்கள் நாமக்கல் மீட்டிங்குக்குள்). ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர். ஸ்கூட்டி பிரேக். அம்மாவுக்கு போன்.

நான்கில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு ஆள் துண்டில் சுற்றிய ஆட்டுக்குட்டியோடு வந்து நின்றார். பெயர் பெரியண்ணன். தேவனூர் நாட்டுப் பக்கம் ஊர் (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு). நடந்தே வந்திருக்கிறார். குட்டி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கறுப்பு, கிடா. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு, அண்ணம், தொண்டை வரை வெந்து தோல் உரிந்து தொங்குகிறது.

"என்ன ஊத்துனீங்க?"

"கஞ்சிங்க. சாமைக் கஞ்சி. தாயாடு மரவள்ளித் தழ தின்னு செத்துப்போச்சுங்க. பாலுக்கு வழியில்ல. மூங்கில் கொழாயில ஊத்துனோம்."

"கொதிக்கக் கொதிக்கவா?"

"கொழாய் கையில சுடலீங்களே டாக்டரம்மா."

சுடாது. மூங்கில் எப்படிச் சுடும். உள்ளே எரிமலையே இருந்தாலும் மூங்கில் வெளியே சில்லென்றுதான் இருக்கும். மாட்டுக்கு மருந்து ஊற்றும் குழாய் எல்லா வீட்டிலும் உண்டு. மருந்து ஆறித்தான் இருக்கும், அதனால் யாருக்கும் இது தோன்றியதில்லை.

கத்திவிட்டேன். செங்கோடன் அண்ணன் (எங்கள் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர்; நான், அவர், ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான் இந்த மருந்தகம்) வெளியே போய் நின்றுகொண்டார். "புறங்கையில ரெண்டு சொட்டு ஊத்திப் பாக்க மாட்டீங்களா? பச்சக் கொழந்தைக்கு பாட்டில் பால் குடுக்கறவ பாக்கறதில்லியா? அந்த அறிவு வேண்டாமா?" இப்படி ஐந்து நிமிடம். அவர் தலை குனிந்தபடி, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். கடைசியில்தான் சொன்னார், ஊற்றியது அவர் இல்லை, மகளாம். எட்டு மாசமாம்.

சொல்லியிருக்கலாம் முன்பே. திட்டு அவள் பேரில் போகக்கூடாதென்று வாங்கிக்கொண்டார் போல.

வாய்வழிக் குழாய் விட்டுப் பார்த்தேன். நுனியில் ரத்தம். எடுத்துவிட்டேன். இன்னொரு தரம் விட்டால் உணவுக்குழாய் கிழியும். கழுத்து நரம்பு இரண்டு பக்கமும் குத்திப் பார்த்தேன், இரண்டும் வீங்கிப் போயின. தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஏற்றினேன், வலிக்கு ஊசி. இங்கேயே விட்டுப் போகச் சொன்னேன். முடியாதாம். சாமிக்கு நேர்ந்துவிட்ட குட்டி, வேறு கூரைக்கடியில் தங்கக்கூடாதாம்.

தோலுக்கடியில் ஊசி போடுவது எப்படி என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தேன். இரண்டு ஊசி, சிரிஞ்ச், உப்புத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். கை நிதானமான கை. என்னுடையதைவிட.

அம்மா போன். "சாப்டியா?" "ம்." "யாரையாவது இன்னிக்குத் திட்டுனியா?" எப்படித்தான் தெரியுமோ.

நவம்பர் 5, புதன்

தூறல். ஸ்கூட்டி பிரேக் இன்னும் அப்படியே. பெரியண்ணன் (இனி பெ.) வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். கடைசி அரை கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு.

குட்டி சாக்கில் கிடந்தது. காது ஜில். வெப்பமானியில் பார்த்தேன். நேற்றைவிடக் குறைவு. உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாங்கலாம்.

மகள் ராசாத்தி அடுப்படி வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இருபது, இருபத்தொன்று வயது. புருஷன் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான். அம்மா இல்லை. முதல் பிள்ளை ஆறாம் மாசத்தில் போய்விட்டதாம். இது தங்கினால் ஆட்டின் முதல் கிடாவை ஊர்ச் சாமிக்கு விடுவதாக வேண்டுதல்.

நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்.

"ஏன் கண்ணு?"

"அதோட வாய நான்தானுங்க வேக வெச்சேன். அது வாயில ஒண்ணும் எறங்காம நான் மட்டும் திங்கறதுங்களா?"

எட்டு மாச வயிறு. கால் வீங்கியிருக்கிறது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

பெ.வை ஓரமாகக் கூப்பிட்டு, வேறு குட்டி நேர்ந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "நோவு வந்து செத்தா சாமி எடுத்துக்கிச்சுன்னு வேற விடலாமுங்க. வெளியாள் கையால போச்சுன்னா அவிய ஒரு குட்டி ஈடு குடுக்கோணும். ஊட்டாளுங்க கையால போனா அதுக்கு ஈடே கெடையாதுங்க. சாமி ஊட்லருந்துதான் எடுக்கும்."

வீட்டிலிருந்து எதை எடுக்கும் என்று நான் கேட்கவில்லை. இருவரும் அடுப்படி வாசலைப் பார்த்தோம்.

வயிற்றுக்குள் ஊசி போடலாம் என்றேன். குடலுக்குள் இல்லை, குடலுக்கு வெளியே. வயிற்றின் உள்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். வாயும் வேண்டாம், நரம்பும் வேண்டாம்.

பெ. குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "மண்ணு மழத்தண்ணி குடிக்கறாப்பலங்களா?"

அப்படியேதான். என் பேராசிரியர் இதைச் சொல்ல நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் தோலுக்கடியில் போடுவது வேறாம், வயிற்றைத் துளைப்பது வேறாம். சாமி ஆட்டுக்கு வயிற்றில் ஓட்டை ஊனம். சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். எப்படி? மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களாம், குட்டி உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு.

குளிரில் சாகக் கிடக்கிற குட்டிமேல் பச்சைத் தண்ணீர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டே சொட்டு, காதில் மட்டும் என்று பேரம் பேசினேன். ஒப்புக்கொண்டார். தெளித்தார். குட்டி அசையவில்லை. மறுபடி தெளித்தார். இல்லை. ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டாள். நானும், ஏன் மறைக்க வேண்டும், ஏதோ ஒரு சாமியை மனதுக்குள் கூப்பிட்டேன்.

மூன்றாவது தரம் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். குளிர் நடுக்கம்தான். எனக்குத் தெரியும். "உத்தரவு கெடச்சிருச்சு" என்றேன் முதல் ஆளாக.

முன்னங்கால்களைப் பிடித்து பெ. தூக்கிக்கொண்டார். தொப்புளுக்கு ஒரு விரல் கீழே, ஒரு விரல் ஓரம், ஊசி நுனி வாலைப் பார்த்து. சூடு பார்த்த குளுக்கோஸ். பெ. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் காது சூடானது. தலை தூக்கியது.

ராசாத்தி ஒரு உருண்டை களி தின்றாள். இனி குட்டிக்கு வயிற்றில் போடும்போதெல்லாம் தானும் தின்பதாகச் சொன்னாள். போடாவிட்டால் இல்லை. அது ஒப்பந்தமாம். யாரோடு என்று கேட்கவில்லை.

குளுக்கோஸ் மட்டும் நாள் கணக்கில் தாங்காது. கொழுப்பு வேண்டும். ஒரே அளவில் இரண்டு மடங்குக்கு மேல் சத்து. வந்ததும் ஹேமாவுக்கு போன். கல்லூரித் தோழி, இப்போது நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில். குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பில் ஏற்றும் கொழுப்பு மருந்து ஒரு பாட்டில் பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். "ஆட்டுக்கா? வயித்துலயா? நீ இன்னும் அந்த மேற்படிப்பு முயலுங்கள விடலியாடி?" என்றாள்.

விடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது, பத்து நிமிடம். துணி காய்ந்த பாடில்லை.

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம். பலாச்சுளை விற்கிற அக்கா என்னிடம் தன் கோழிக்கு வைத்தியம் கேட்டார். சொன்னேன். சுளை கொடுத்தார். பஸ் வந்தது. கண்டக்டர் தெர்மாகோல் டப்பாவை நீட்டி, "பாலு ஒண்ணும் ஒழுகலீங்க. மல ஏறுற எழுவது வளைவும் மடிலயே வெச்சிருந்தேன்" என்றார்.

பாட்டிலைப் பார்த்தால் யாருமே அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளை வெளேரென்று. சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் பசையும், தூசியைவிடச் சின்னத் துளிகளாக, கிருமி ஒன்றுகூட இல்லாமல்.

மேற்படிப்பில் முயல்களுக்குச் செய்தது. வயிற்றுச் சவ்வுக்குள் கொழுப்பு விட்டால் உடம்பு எடுத்துக்கொள்கிறதா என்று. எடுத்துக்கொண்டது. உதரவிதானத்தின் அடிப்பக்கத்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக நிணநீரில் ஏறி, ரத்தத்துக்கு. திறந்து பார்க்கும்போது நிணநீர்க் குழாய் பால் நூலாகத் தெரிந்த நாளை மறக்க முடியாது. பதினோராம் முயலையும் மறக்க முடியாது. அவசரத்தில் என் ஊசி குடலைக் குத்தியது. செத்துப்போனது. தீசிஸில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். இங்கே இதை முதல்முறை எழுதுகிறேன்.

ஆட்டுக்குட்டிக்கு நான் செய்ததில்லை. யாராவது செய்தார்களா என்றும் தெரியாது.

மதியம் பெ. வீடு. மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தேன். பெ. தூக்கிப் பிடித்தார். ராசாத்தி எட்டிப் பார்த்து, "என்னங்க இது, பாலா?" என்றாள்.

"இல்ல, இது கொழுப்பு மருந்து."

பெ.: "பாலாட்டந்தானுங்க இருக்குது."

"அது வேற இது வேற."

"பாலுலயும் கொழுப்புதானுங்களே?"

மூன்றாவது கேள்வி. மணி இரண்டரை. மழை இறங்குகிறது. பிரேக் இல்லாத வண்டி. இன்னும் இரண்டு வீட்டில் மாடு காத்திருக்கிறது.

"சரி, பால்னே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாலை ஆறுக்கு மறுபடி போனேன், மனசு கேட்காமல். வயிறு மிருது. மூச்சு சரி. வெப்பம் சரி. ராசாத்தி சோறும் கீரையும் தின்றிருந்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. ஆபீஸ் கூரை ஒழுகல் இரண்டு இடத்தில், ஒன்று சரியாகப் பதிவேட்டு அலமாரிக்கு மேலே.

காலை ஏழு: வயிற்றைத் தொட்டால் லேசான இறுக்கம். கொழுப்பு தேங்குகிறதா, சவ்வு வீங்குகிறதா? போடவில்லை. காத்திருந்தேன். ராசாத்தி தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரை யாரும் இப்படிப் பார்க்கக்கூடாது.

எட்டரை: குட்டி சிறுநீர் விட்டது, ஏராளமாக. வயிறு தளர்ந்தது. இவ்வளவுதான். சிரித்துவிட்டேன். போட்டேன். ராசாத்தி இட்லியைப் பிட்டாள்.

மாலை: எழுந்து நின்றது. நான்கு கால், நான்கு திசை. ஆனாலும் நின்றது.

பெ.: "எங்கூருல வயித்து வழியா சாப்புட்ட மொத ஆளு இவந்தானுங்க." அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

அம்மா போன். பையன் ஒருவன், ஈரோடு, பேங்க். ஆட்டுக்குட்டி நின்றுவிட்டது என்றேன். "நீ எப்ப நிப்பே?" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நேற்று இரண்டு வேளை போட்டேன், சிக்கலில்லை. தூங்கினேன், ஒன்பது மணி நேரம்.

இன்று வாய்க்குள் வெள்ளைத் தோல் உதிர்ந்து கீழே இளஞ்சிவப்பு. ஆறுகிறது. விரலில் குளுக்கோஸ் தொட்டு வைத்தேன். சப்பியது. சிரிஞ்சில் கொஞ்சம் விட்டேன். விழுங்கியது. இன்னொரு வாய். இருமவில்லை. ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "எறங்குதுங்க, தொண்ட ஏறி எறங்குதுங்க" என்று அவள் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பிறகு அழுதாள்.

இன்னும் இரண்டு நாள் வயிற்றில் போட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு மாற்ற வேண்டும். புதனுக்குள் புட்டிப் பால்.

நாளை மீட்டிங். முதல் பஸ் ஐந்தரைக்கு. காலை ஊசிக்கு வர முடியாது. பெ.விடம் சொன்னேன்: "நாளைக்குக் காலைல ஒரு வேள போடாட்டி ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் நான் வந்துருவேன். தோலுக்கடியில உப்புத் தண்ணி மட்டும் போடுங்க. வாயில எதுவும் விடாதீங்க."

"சரிங்க." பிறகு மெல்ல, "காலைல போடாட்டி இவ திங்க மாட்டாளுங்களே."

"ஒரு வேளதான. நான் அவகிட்டச் சொல்றேன்." சொன்னேனா? இல்லை. வண்டிக்குப் போகும் வழியில் யாரோ கன்றுக்குக் கழிச்சல் என்றார்கள், அங்கே போய்விட்டேன்.

பாட்டில் என் ஃப்ரிட்ஜில்.

நவம்பர் 10, திங்கள்

நாமக்கல். கொதிக்கிற வெயில். மீட்டிங்கில் மூன்று மணி நேரம், ஆடுமாடுகளின் காதில் மாட்டும் அடையாள வில்லைகளின் எண்ணிக்கை. ஏன் தேவனூர் நாட்டில் குறைவு, ஏன் வாழவந்தி நாட்டில் அதிகம். தேநீர் இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து பெ.வுக்கு போன். பன்னிரண்டே கால்.

"எப்படி இருக்கான்?"

"கொஞ்சம் மொனகறானுங்க. வயிறு உப்புனாப்பல இருக்குது. காலைல போட்டதுனால இருக்கும்னு விட்டுட்டேனுங்க."

"என்ன போட்டீங்க? உப்புத் தண்ணிதான?"

"இல்லீங்க. வயித்துலதானுங்க போட்டேன். நீங்க போடற மாதிரியே, தொப்புளுக்கு ஒரு வெரக்கட கீழ, ஓரமா. ராசாத்தி நேத்து ராத்திரியே நாளைக்கு நான் திங்க மாட்டேன்னுட்டாளுங்க. அதான்."

"வயித்துல என்ன போட்டீங்க?"

"பாலுங்க."

எனக்கு ஒரு நிமிடம் அந்தச் சொல் புரியவே இல்லை.

"மேல் வளவு ஊட்ல ஒரு ஆடு ஈனியிருக்குதுங்க. விடியக் காலைல போயி கறந்துட்டு வந்தேன். காச்சி, வெள்ளைத் துணில வடிகட்டி..." பிறகு பெருமையாக, ஐயோ, பெருமையாக: "நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே டாக்டரம்மா, அத மறக்கலீங்க. பொறங்கையில ரெண்டு சொட்டு ஊத்தி, சூடு பாத்துட்டுத்தானுங்க போட்டேன்."

பக்கத்தில் இருந்த யாரோ "மேடம், தண்ணி வேணுமா" என்றார்கள்.

மீட்டிங்கில் சொல்லாமல் கிளம்பினேன். பஸ் மலை அடிவாரம் வரை ஓடியது, பிறகு வளைவு வளைவாக ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவரை மனதுக்குள் திட்டினேன். பிறகு திட்ட வேண்டியது யாரை என்று ஞாபகம் வந்தது.

பால் கொழுப்பு மட்டும் இல்லை. புரதம், கிருமி, எல்லாம். காய்ச்சினாலும் துணியில் இருக்கும், விரலில் இருக்கும். சவ்வுக்குப் பால் விஷம். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். "பாலை உள்ள போட்டா செத்துரும்." மழை வந்தது, வண்டி எடுத்தேன்.

நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வயிறு பலகை. பல்லைக் கடிக்கிறது. காய்ச்சல். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு விட்டு எடுத்தேன், கலங்கலாக, திரித்திரியாக வந்தது. ஏழெட்டுத் தரம். கிருமிக்கு ஊசி, வலிக்கு ஊசி. பெ. தூக்கிப் பிடித்தபடியே ஒன்றரை மணி நேரம். கை நடுங்கவில்லை அவருக்கு.

"பாலு ஒத்துக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கலாம்" என்றேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பாக்கலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. காலை ஆறேமுக்காலுக்குச் செத்துப்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் சூடாக இருந்தது.

ராசாத்தி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றாள். "வாய வேக வெச்சது நான்தான்." திரும்பத் திரும்ப.

பெ. மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். குழி தோண்டப் போய்விட்டார். அவருக்குச் சந்தேகம் இருக்கிறது, பாலைப் பற்றி. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் தன் கை என்று ஆகிவிடும்; கேட்காவிட்டால் மகள் கை. இரண்டுமே ஊட்டாள் கை.

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மாடு பார்க்க வேண்டும் என்றேன். எந்த மாடும் இல்லை.

ஆபீஸில் பதிவேடு. சிகிச்சை, முடிவு, காரணம். "வாய் மற்றும் உணவுக்குழாய் தீக்காயம்" என்று எழுதினேன். பொய்யும் இல்லை, முழுக்க. யாரும் கேட்கப் போவதில்லை. செங்கோடன் அண்ணன் தலையை நீட்டி, "பாவம் அந்தப் பொண்ணு. நேத்து சாயங்காலத்திலிருந்து பச்சத் தண்ணி பல்லுல படலியாம். மாரியம்மா டீக்கடைல பேசிக்கிட்டாங்க" என்றார்.

பதினோராம் முயல்.

எழுதியதை அடித்தேன். அடித்தபின் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பனி. எதிரே நாய் குரைப்பது மட்டும் கேட்கிறது, நாய் தெரியவில்லை.

இரவு முழுக்க வசனம் தயார் செய்தேன். போனதும் ஒன்றும் நினைவில்லை.

ராசாத்தி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த தட்டு. சோறு உலர்ந்துவிட்டது. உதடு வெடித்திருக்கிறது. பெ. காட்டுக்குப் போகவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சாக்கை உதறிப் போட்டார். உட்காரவில்லை.

சொன்னேன். குட்டி செத்தது வாய்ப் புண்ணால் இல்லை. வாய் ஆறிவிட்டது. வயிற்றில் பால் போனதால் செத்தது.

பெ. தரையைப் பார்த்தார். "தெரியுமுங்க. என்ற கைதான்."

"கை உங்களது. பால்னு சொன்னது நான். நீங்க ரெண்டு பேரும் மூணு தடவ கேட்டீங்க, பாலான்னு. அது பால் இல்ல, பால் போட்டா செத்துரும்னு சொல்லியிருக்கணும். எனக்கு அவசரம். பால்னே வெச்சுக்கோங்கன்னு சொன்னேன். நீங்க அப்படியே வெச்சுக்கிட்டீங்க. சூடு பாக்கச் சொன்னேன், பாத்தீங்க. நான் சொன்னத நீங்க ஒண்ணுவிடாம செஞ்சீங்க. என் பேச்சாலதான் போச்சு."

மேல் வளவு வீடுகளில் ஒரு ஆடு கத்தியது.

பிறகு ராசாத்தி, மெல்ல: "அப்ப அது என்ற சூட்டுல சாகலீங்களா?"

"இல்ல கண்ணு. உன் சூடு ஆறிருச்சு. ஞாயித்துக்கெழம ரெண்டு வாய் முழுங்குச்சே, நீதான பாத்த?"

"பாத்தேனுங்க." தொண்டையைத் தொட்டாள். "எறங்குச்சுங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பெ. சொன்னார். என்னிடம் இல்லை, காற்றிடம்: "வெளியாள் கையி."

"ஆமா" என்றேன்.

"அப்ப ஈடு நீங்கதானுங்க குடுக்கோணும்."

"குடுக்கறேன்."

"கறுப்பா இருக்கோணுமுங்க. கெடாவா. ஊனம் கூடாது."

"சரி."

கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ராசாத்தி தட்டைத் திறந்தாள். உலர்ந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விழுங்கினாள். பெ. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிளகுக் கொடியைக் கட்டப் போனார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வளைவில் வண்டியை நிறுத்தி அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பனி.

பதிவேட்டில், காரணம்: "வயிற்றறையில் ஆட்டுப்பால் செலுத்தப்பட்டது. மருத்துவரின் தவறான விளக்கம்." கையெழுத்து. செங்கோடன் அண்ணன் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதோணுங்களா?" என்றார். எழுதோணும் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

- ஸ்கூட்டி பிரேக் (இன்றே)
- ஹேமாவுக்கு மீதி மருந்து திருப்பி அனுப்ப வேண்டாம், கொட்டிவிட வேண்டும்
- சுவரில் ஒட்ட: "புட்டிப் பால், கஞ்சி, மருந்து எதையும் கேட்காமல் ஊசியில் ஏற்றக்கூடாது." பெரிய எழுத்தில். படம் போட்டால் நல்லது. எனக்கு ஆடு வரைய வராது
- சோளக்காட்டில் பலாச்சுளை அக்காவிடம் சொல்லி வைக்க: கிடாக்குட்டி, கறுப்பு, பால் மறந்தது. தானாகத் தின்ன வேண்டும்

மதியம் பெ. போன். "ராசாத்திக்கு ஏதாவதா?" என்றேன்.

"இல்லீங்க, நல்லாருக்கா. அவதான் கேக்கச் சொன்னா."

"என்ன?"

"டாக்டரம்மா சாப்டாங்களான்னு."

சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு, போய்ச் சாப்பிட்டேன்.